சொல்லின் கரை

வீரசோழன் வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் வாழும் நாம் மழையின் அருமையை அறிவோம். பெய்வது சிறிது, அதைக் காப்பது கண்மாய்க்கரை. கரை இல்லையேல் வந்த நீரும் ஓடி மறையும். மனித உள்ளத்து எண்ணங்களும் உணர்வுகளும் எல்லையற்றவை. அவற்றைச் சொல்ல நம்மிடம் உள்ள சொற்களோ அளவுக்குட்பட்டவை. அப்படியாயின் எழுத்து வீண் முயற்சிதானா?

வீரசோழனுக்கு அண்மையிலுள்ள திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி எனப் பெயர் பெற்றார். மதுரையில் பயின்றுகொண்டிருந்த அவர், 1896 ஆகஸ்ட் 29 அன்று ஒரு சிறு கடிதத்தை எழுதிவைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 16. 'நான்' என்று தொடங்கும் அக்கடிதம், விரைவிலேயே 'இது' என்று மாறிவிடுகிறது. கையொப்பம் இருக்கவேண்டிய இடத்திலோ ஒரு கோடு மட்டுமே! தன்னையே இழந்த பேரனுபவத்தை விளக்க அவர் சொற்களைத் தேடவில்லை. ஆனால் அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டப்படவில்லை என்பதையும், அதற்குரிய பணத்தில் இரண்டு ரூபாய் அங்கே இருப்பதையும் மறவாமல் குறித்தார்.

அந்த இரண்டு ரூபாய்க் கணக்குதான் அந்தக் கோட்டை நம்மை நம்பச் செய்கிறது. எல்லையுள்ளதை உண்மையாகச் சொல்பவனே எல்லையற்றதையும் உணர்த்த வல்லவன். 'அளவிலா அன்பு', 'ஆழங்காணாத் துயர்' என்று அடுக்கும்போது நாம் எதையும் சொல்வதில்லை, கரையை உடைத்துவிடுகிறோம்.

எனினும், தேடவேண்டாம் என்று எழுதிய அக்கடிதம் பெற்ற தாயைத் தேற்றவில்லை. 1898-இல் அழகம்மாள் திருவண்ணாமலைக்கே சென்று, மகனை வீட்டுக்கு அழைத்துக் கண்ணீர் வடித்தார். மௌனத்தில் இருந்த மகன் எழுதிக் காட்டிய விடையோடு, அம்மகனின்றியே அவர் திரும்ப நேர்ந்தது. நமக்கு வியப்பைத் தரும் வரிகள் அத்தாய்க்குப் புண்ணாகவே இருந்திருக்கும். ஆண்டுகள் பல கடந்து, 1916-இல் அவர் மகனோடு தங்க வந்தார். 1922-இல் மகனின் அருகிலேயே கண்மூடினார். கடிதம் தராத ஆறுதலை அந்த ஆறாண்டு உடனிருப்பு தந்தது என்று நாம் கொள்ளலாம்.

ஆகவே, சொல் குறைந்ததென்று வருந்த வேண்டியதில்லை. சொல் வெறும் கரை. நீர் நம் வாழ்விலிருந்தே வரவேண்டும். பேனாவை எடுக்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: நாம் எழுதும் பெரிய சொற்களுக்குப் பின்னே, நாம் தீர்க்க மறந்த இரண்டு ரூபாய்க் கடன் ஏதேனும் உண்டா?