குறைபொருள் ஆட்டம்
(பௌர்ணமி உபோசதச் சொற்பொழிவு)



திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று அமர்ந்திருக்கும் இவ்வேளையில், இத்தம்மமேடையில் இதுகாறும் எவரும் பேசியிராத ஒரு பொருளைப் பேச முன்வந்துள்ளேன். அஃது ஒரு வீடியோ விளையாட்டு. முதியோர் சிலர் முகஞ்சுளிப்பதை இங்கிருந்தே காண்கின்றேன். ஒரு திங்களுக்கு முன்னர் யானும் அவ்வாறே சுளித்தவன்தான்.

சென்ற பௌர்ணமியன்று, வேண்டாதவற்றை விடுதல் பற்றிச் சொற்பொழிவு முடிந்ததும், இரவுப்பணி பார்க்கும் இளைஞன் ஒருவன் எழுந்து, "ஐயா, நான் ஆடும் விளையாட்டில் 100 பொருள்கள் உள்ளன. அவற்றுள் 86-ஐத் தொடாமல் விட்டு, 14 மட்டும் கொண்டு முடிக்கப் பழகுகிறேன். இதுவும் தாங்கள் சொன்ன விடுதலின் இனந்தானா?" என்று கேட்டான். அவையில் சிரிப்பெழுந்தது. யான் வாய்திறக்குமுன் அவனருகே அமர்ந்திருந்த அவனுடைய ஆயா, "ஒன்றுமே இல்லாமல் நாங்கள் அறுபது வருஷம் ஓட்டினோமேடா, எங்களுக்கு யார் கைதட்டினார்கள்?" என்றார். சிரிப்பு அடங்கிற்று. எனக்கும் அன்று விடை தோன்றவில்லை. ஆகவே, அவர்கள் இல்லஞ்சென்று மூன்று மாலைப்பொழுதுகள் அவ்விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பெயர் சூப்பர் மெட்ராய்டு. ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் 1994-ஆம் ஆண்டு வெளியிட்டது. சேமஸ் என்னும் வீராங்கனை ஜெபிஸ் என்னும் கோளின் குகைகளுக்குள் தனித்து இறங்குகிறாள். ஆங்காங்கே ஏவுகணைகளும், குண்டுகளும், வெப்பந்தாங்கும் காப்புடையும், உயிராற்றலைப் பெருக்கும் கலங்களும் மறைந்து கிடக்கின்றன. எண்ணினால் சரியாக 100. ஆட்டம் முடிந்ததும், அவற்றுள் நூற்றுக்கு எத்தனை திரட்டினாய் என்று திரையே கணக்குச் சொல்கிறது. ஆக்கியோர் அதிகம் திரட்டுவோரைப் பாராட்டவே அக்கணக்கை வைத்திருப்பர் போலும். ஆடுவோரில் ஒருசாரார் அதைத் தலைகீழாக்கி, எவ்வளவு குறைவாகத் திரட்டி முடிக்கலாம் என்று முயன்றனர். அவ்வழியிற் பெயர்பெற்றது 14 விழுக்காட்டு ஆட்டம்.

இதில் யான் முதலிற் கண்டது ஒரு பாலம். ஒரு குகைவழியில், காலடி பட்டவுடன் பொடிந்து விழும் பாலம் ஒன்று வருகிறது. நடந்தால் பாதியிலேயே பள்ளத்தில் விழுவோம். புதிதாக ஆடுவோர் பலர், இதைக் கடக்க ஏதோ ஒரு கருவி வேண்டும், அது நம்மிடம் இல்லை என்றெண்ணி, வந்தவழியே திரும்பி நெடுநேரம் தேடி அலைவராம். உண்மையில் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓடுவதற்குரிய பொத்தானை அழுத்திக்கொண்டு ஓடினாற் போதும். அப்பொத்தான் ஆட்டந்தொடங்கிய நொடி முதலே கையில் உள்ளது. இன்னோரிடத்தில் ஓர் ஆழ்ந்த கிணறு போன்ற குழி. விழுந்தவர் ஏறிவர வழி தெரியாது திகைப்பர். அங்கே சிறிய பச்சைப் பிராணிகள் மூன்று, இச்சுவருக்கும் அச்சுவருக்குமாகத் தாவித் தாவி மேலே ஏறிக் காட்டுகின்றன. ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதைக் கூர்ந்து நோக்கியவன் தானும் சுவரில் மோதித் தாவி வெளியேறுகிறான். இவ்வித்தையும் 100 பொருள்களில் ஒன்றன்று. குறைபொருள் ஆட்டம் முழுவதும் இத்தகைய எண்ணப்படாத வித்தைகளைக் கொண்டே நடைபெறுகிறது. உயரப் பறக்கும் கருவியை விட்டவன் சுவர்த்தாவலை ஆயிரமுறை பழகியிருக்கிறான்; கலங்களை விட்டவன் பகைவனின் ஒவ்வோர் அசைவையும் மனப்பாடமாக அறிந்திருக்கிறான், ஏனெனில் இரண்டு மூன்று அடிகளுக்கு மேல் தாங்க அவனிடம் உயிராற்றல் இல்லை. பொருள் குறையக் குறையக் கருத்தூன்றல் மிகுகிறது. சதி, அதாவது மறவாக் கடைப்பிடி என்று நாம் பேசுவதை, அவ்விளைஞனின் விரல்களில் யான் கண்டேன் என்று சொல்ல வெட்கமில்லை.

இனி அவன் வினாவுக்கு வருவோம். இஃது எதன் இனம்?

பிக்குகள் தாமே விரும்பி மேற்கொள்ளும் பதின்மூன்று துதாங்கங்களைப் புத்தகோசர் தம் விசுத்திமார்க்கத்தின் இரண்டாம் அதிகாரத்தில் விரிக்கின்றார். குப்பைத்துணியே உடுத்தல், மூன்று சீவரங்களுக்கு மேல் வையாமை, ஒரே இருக்கையில் உண்டு எழுதல், மரத்தடியில் தங்கல், படுக்காது அமர்ந்தே இருத்தல் என்று அவை செல்லும். இவை விநயக் கட்டளைகள் அல்ல. விட்டால் குற்றமில்லை. கொள்பவன் தன் உளத்திண்மையை அறியக் கொள்கிறான். ஆட்டத்தின் விதிகள் அத்தனையையும் ஏற்றுக்கொண்டு, அவற்றின்மேல் தனக்கெனச் சில தடைகளைத் தானே வகுத்துக்கொள்ளும் இவ்விளைஞனின் முயற்சிக்கும் துதாங்கத்திற்கும் உருவளவில் ஒப்புமை உண்டு. மகா காசியபர் முதுமையிலும் கந்தைச் சீவரத்தை விடவில்லை. பகவான் இரங்கி, இனி இலகுவான ஆடை அணியலாமே என்றபோதும், தமக்கு இதுவே இன்பமென்றும் பின்வருவோருக்கு இஃது எடுத்துக்காட்டாகுமென்றும் பணிவுடன் விடை பகர்ந்தார்.

ஆனால் இதே இடத்தில்தான் தேவதத்தனும் நிற்கிறான். பிக்குகள் அனைவரும் வாணாள் முழுதும் காட்டிலேயே வாழ்க, ஐயமேற்றே உண்க, கந்தையே உடுக்க, மரத்தடியிலேயே தங்குக, மீனும் ஊனும் விலக்குக என ஐந்து கட்டளைகளை அவன் கேட்டான். பகவான் மறுத்தார். விரும்புவோர் காட்டில் வாழட்டும், விரும்புவோர் ஊரருகே வாழட்டும் என்றார். காசியபர் செய்ததும் தேவதத்தன் கேட்டதும் செயலில் ஏறக்குறைய ஒன்றே. தனக்கெனக் கொண்டது விரதமாயிற்று. பிறர்மேல் சுமத்த முயன்றது சங்கத்தைப் பிளந்தது. குறைவாகத் திரட்டியவன் அதிகம் திரட்டியவனை இகழ்கின்ற பழக்கம் அவ்வாட்டக்காரரிடையேயும் உண்டா என்று கேட்டேன். உண்டு என்று அவ்விளைஞன் தலைகுனிந்து ஒப்புக்கொண்டான்.

இன்னொன்றையும் நோக்குங்கள். அந்த 14-ஐ ஏன் 0 ஆக்கவில்லை? முடியாது. இறுதிப் பகையாகிய மதர் பிரெய்ன் ஒரு கொடிய ஒளிக்கதிரை வீசுகிறது. அதிலிருந்து விலக வழியில்லை. காப்புடை அணிந்திருந்தாலும் மூன்று உயிராற்றற் கலங்களேனும் இருந்தால்தான் தாங்கலாம். தொடக்கத்தில் உள்ள ஆற்றல் 99. கலத்துக்கு 100 கூடும். திறமை எவ்வளவு இருப்பினும் இந்த மூன்று இல்லாதவன் அங்கே மடிகிறான். ஆறாண்டுகள் உணவைச் சுருக்கிச் சுருக்கி எலும்பும் தோலுமாய் நின்ற போதிசத்துவர், சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்ற பின்னரே போதியடியில் அமர்ந்தார். குறைக்கலாகாத ஓர் எல்லை உண்டு. பகவான் பிக்குவுக்குங்கூட உடை, உணவு, உறைவிடம், மருந்து என்ற நான்கையும் மறுக்கவில்லை.

இங்கேதான் அந்த மூதாட்டியாரின் வினா என்னைச் சுடுகிறது. பெரியோர்களே, ஒரு குற்றத்தை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், வேலையிழந்த குடும்பங்கள் நிறைந்திருந்த ஒரு கூட்டத்தில் யான் 'உள்ளது போதும்' என்னும் சந்துட்டியைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினேன். எல்லோரும் வணங்கிச் சென்றனர். அவர்களுள் எத்தனை பேர் அன்று காலை உண்டிருந்தனர் என்று யான் கேட்கவில்லை. அந்த மூதாட்டியாரும் அன்று அங்கிருந்தார் என்பதை இப்போதுதான் அறிந்தேன்.

பேரன் விட்டுவிட்ட கலம் அவன் அறிந்த அறையில் இருக்கிறது. சலித்தால் நாளையே சென்று எடுத்துக்கொள்வான். ஆயாவுக்கோ அந்த அறையின் கதவே திறக்கப்படவில்லை. முன்னது துறவு, பின்னது பறிப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் புகழ்கின்றவன், அறியாமலேனும் பறித்தவன் பக்கம் நிற்கிறான். பகவான் அங்குத்தர நிகாயத்தில், இல்வாழ்வானுக்கு வறுமை துன்பம், அதனால் வரும் கடன் துன்பம், வட்டி துன்பம் என்று படிப்படியாக விளக்கியிருக்கிறார். வறுமையை அவர் எங்கும் விரதமாக்கவில்லை. தம்மபதத்தின் உரையில் ஆளவி நகரத்து உழவனின் கதை உண்டு. அவனுக்குத் தம்மம் உரைக்கவே பகவான் முப்பது யோசனை நடந்து வந்தார். அவனோ காணாமற்போன எருதைத் தேடியலைந்து, பசியோடு பிந்தி வந்தான். பகவான் அதுவரை வாய்திறவாது காத்திருந்து, அவனுக்கு முதலில் சோறிடச் செய்து, அவன் உண்டு தேறிய பின்னரே தம்மம் உரைத்தார். பிக்குகள் சிலர் இதென்ன புதுமை என்று முணுமுணுத்தனர். அன்று என் கூட்டத்தில் அவ்வாறு முணுமுணுக்கக்கூட இடமில்லாதபடி சோறும் இல்லை, காத்திருத்தலும் இல்லை.

இதை அந்த மூதாட்டியாரிடம் நேரிற் சொன்னேன். "அது போகட்டும் ஐயா. அந்தப் பெண் ஜெயித்தாளா இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்றார். சேமஸைத்தான் கேட்டார், மூன்று மாலையும் அவரும் எங்களோடு பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா.

அவள் வென்றது எப்படியென்பதே இவ்விளையாட்டில் எனக்கு மிகவும் உவப்பான பகுதி. 1991-ஆம் ஆண்டு வந்த முந்தைய விளையாட்டில், மெட்ராய்டு என்னும் உயிரினத்தை அடியோடு அழிக்க அவள் அனுப்பப்பட்டாள். எல்லாவற்றையும் கொன்றபின் முட்டையிலிருந்து ஒரு குஞ்சு வெளிப்பட்டது. அவளையே தாயென்று எண்ணிப் பின்தொடர்ந்தது. அவளுக்குக் கை எழவில்லை, விட்டுவிட்டாள். அக்குஞ்சு வளர்ந்து, இவ்விளையாட்டின் முடிவில், அவள் ஒளிக்கதிரால் வீழ்ந்து சாகுந்தறுவாயில் வந்து பகைவனைக் கவ்வுகிறது. தான் உறிஞ்சிய ஆற்றலை அவளுக்கு ஊட்டுகிறது. அவளை மறைத்து நின்று அடிகளை ஏற்று மடிகிறது. அதன்பின் அவள் கையில் எதுவும் எதிர்நிற்கவொண்ணாத ஓர் ஆயுதம் தோன்றுகிறது. அவ்வாயுதத்தைத் திரை தன் நூற்றுக்கணக்கில் சேர்ப்பதில்லை. 100 திரட்டியவனுக்கும் 14 திரட்டியவனுக்கும் அதே ஆயுதந்தான். எண்ணி எண்ணிக் குறைத்தவனின் ஆட்டமும், முன்னொருநாள் கொல்லாதுவிட்ட ஒன்றினால்தான் முடிகிறது.

வென்றபின் கோள் வெடிக்கப்போகிறது. தப்ப மூன்று மணித்துளிகளே உண்டு. ஓடும் வழியில் ஒரு கிளை. அதன் உள்ளறையில், சுவர்த்தாவல் கற்பித்த மூன்று பிராணிகளும், வேறொரு வித்தை கற்பித்த ஒரு பெரும்பறவையும் அடைபட்டுள்ளன. சுவரைச் சுட்டு வழிதிறந்தால் அவை தப்பும். அதனால் கணக்கு ஒன்றும் கூடாது, குறையாது. நேரம் மட்டும் போகும். விரைந்து முடிப்போர் பலர் அவற்றை விட்டுவிடுவராம். அமெரிக்காவில் 2010 முதல், நோய்தீர்க்கும் அறப்பணிகள் முதலியவற்றுக்குப் பொருள் திரட்ட நடைபெறும் விரைவாட்ட விழாக்களில், இவ்வுயிர்களைக் காப்பதா விடுவதா என்று காண்போர் இருகட்சியாகி, நன்கொடை அளித்துப் போட்டியிடுவது ஒரு வழக்கமே ஆகியிருக்கிறது. எக்கட்சி வென்றாலும் பணம் அறத்துக்கே செல்கிறதென்று அவன் சொல்லக் கேட்டுச் சிரித்தேன்.

மூன்றாம் மாலை அவன் முதன்முறையாக 14-இல் முடிக்கும் நிலைக்கு வந்தான். நேரமும் அவனுக்கு இதுவரை இல்லாத அளவு குறைவாக இருந்தது. கிளைவழி வந்தபோது அவன் நிற்கவில்லை, கடந்தே விட்டான். "அடேய், ஏறக் கற்றுக்கொடுத்ததுகள் எங்கேடா?" என்றார் ஆயா. அவன் ஒருகணம் தயங்கித் திரும்பினான். உள்ளறைக்குச் சென்று சுவரைத் திறந்து, மீண்டு வந்து கலமேறும்போது நேரம் சில நொடிகளே எஞ்சியிருந்தது. அவன் எண்ணியிருந்த நேரம் போயிற்று. கோள் வெடித்தது. அவ்வெடிப்பின் ஓரத்தில், ஊன்றிப் பார்த்தாலன்றித் தெரியாத ஓர் ஒளிப்புள்ளி விலகிச் சென்றது. அவைதாம் அவை என்று அவன் விரலால் தொட்டுக் காட்டினான்.

ஆயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நான் சரியாகப் பார்க்கவில்லை; இன்னொரு தரம் காட்டு" என்றார்.