பழுதும் பொறுப்பும்

சொந்த வாகனத்தின் இயந்திரத்தை உடையவர் தாமே பிரித்துச் சீர்செய்வது நன்றா, கூலி கொடுத்து மெக்கானிக்கிடம் விடுவது நன்றா? விரைவுக் கார்களை ஆசையோடு வைத்திருப்போரிடையே ஓயாத வழக்கு இது. செலவு மிச்சம், கை பழகும், தன் வண்டியைத் தன்னைப்போல் யார் கவனிப்பர் என்பது ஒரு கட்சி. தொழில் அறிந்தவனிடம் தொழிலை விடு என்பது மறு கட்சி. இயந்திரம் நின்றுபோனால் பெரும்பாலும் வண்டி சாலையோரம் கிடக்கும். உடையவரின் பணமும் பெருமையும் சற்றுக் குறையும். ஆகவே இதனை ஒழுக்கவியல் வினாவாக எவரும் கருதுவதில்லை.

நம் முத்துக்குளித்துறையில் இவ்வழக்கு வேறு முகம் கொள்கிறது. திரேஸ்புரத்திலும் புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் வல்லங்களில் இயந்திரம் ஏறிப் பல ஆண்டுகள் ஆயின. பாய் கிழிந்தால் கடலிலேயே தைத்துக்கொள்ளலாம். துடுப்பு முறிந்தால் மாற்றுத் துடுப்பு உண்டு. இயந்திரம் அப்படியன்று. கரையிலிருந்து பல மைல் தொலைவில் அது நின்றுவிட்டால், பின்னர் படகைச் செலுத்துவன காற்றும் நீரோட்டமுமே. மன்னார் வளைகுடாவில் இந்திய-இலங்கைக் கடல் எல்லை 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வரையப்பட்டது. செயலற்று மிதக்கும் படகுக்கு அக்கோடு தெரியாது. அதைக் கடந்தால் உள்ளிருப்போருக்குச் சிறையும் நேரலாம்.

எனவே கடலோடி ஓரளவேனும் மெக்கானிக்காக இருந்தே தீரவேண்டும். நடுக்கடலுக்குப் பட்டறை வராது. கரி படிந்த பிளக்கைக் கழற்றித் துடைக்கவும், எரிபொருள் வடிகட்டியில் தேங்கிய நீரை வெளியேற்றவும், டீசல் குழாயில் புகுந்த காற்றை நீக்கவும் அவர் அறிந்திருக்கவேண்டும். வெளிப்பொருத்து இயந்திரமாயின், கரையேறியதும் நன்னீர் பாய்ச்சி உள்ளே தங்கிய உப்பைக் கழுவவேண்டும். கடல்நீரை இழுத்து இயந்திரத்தைக் குளிர்விக்கும் சிறு ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது தேய்ந்தால் இயந்திரம் கொதித்து இறுகிவிடும். பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்பது பொருள். இவை யாவும் கண்ணும் கையும் பழகினால் வருபவை. இவற்றைக்கூட அறியாமல் படகு நடத்துவதை நான் சோம்பல் என்றே சொல்லுவேன்.

ஆனால் டீசல் இன்ஜெக்டரின் அழுத்தத்தைச் சோதனைக் கருவியின்றி எவரும் கண்ணால் அளந்துவிட முடியாது. சிலிண்டர் தலைப்பகுதியின் போல்ட்டுகளைக் குறித்த வரிசையில், குறித்த அளவு விசையில் முறுக்கவேண்டும். ‘நானே பார்த்துக்கொள்வேன்’ என்னும் துணிவு இவ்விடத்தில்தான் ஐயத்துக்குரியதாகிறது. ஏனெனில் படகில் செல்பவர் உடையவர் ஒருவர் மட்டும் அல்லர். பங்குக்குத் தொழில் செய்வோர் நால்வரோ ஐவரோ உடன் செல்கின்றனர். பல ஊர்களில் எரிபொருளும் பனிக்கட்டியும் பொதுச் செலவாகக் கழிக்கப்பட, பழுதுச் செலவு உடையவரின் பங்கிலேயே விழுகிறது. ஆக, மெக்கானிக்கைத் தவிர்ப்பதால் மிச்சமாகும் பணம் ஒருவருக்கு. அதனால் வரும் ஆபத்தோ அனைவருக்கும். தன் காரைத் தானே பிரிப்பவர் தம் பொருளோடு விளையாடுகிறார். இவர் எவருடைய உயிரை முன்வைத்துச் சிக்கனம் செய்கிறார்?

கடன் வாங்கித் தொழில் நடத்தும் உடையவரைக் குற்றவாளியாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. மீன்பாடு இல்லாத மாதங்களில் பட்டறைக் கூலி எத்தகைய சுமை என்பதை இக்கரையில் வாழ்வோர் அறிவர். எனினும் சுமை பெரிது என்பதால் மட்டும் அதைப் பிறர் தோளில் அவர்கள் அறியாமலே ஏற்றிவிடலாகாது.

அப்படியானால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்ததா? ராபர்ட் பிர்சிக் என்ற அமெரிக்கர், மோட்டார் சைக்கிள் பராமரிப்பைப் பற்றி 1974ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு பட்டறையை வருணிக்கிறார். வானொலி அலற, வேலையில் மனம் பதியாத இளைஞர்கள் அவருடைய வண்டியைத் திரும்பத் திரும்பப் பிரிக்கின்றனர். பழுதோ எண்ணெய் செல்லும் பாதையில் முறிந்த ஒரு சிற்றாணி. அவர்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை, அக்கறை இல்லை. கூலி கொடுத்துத் திறமையை வாங்கலாம். அக்கறையை வாங்க முடியுமா என்பது வேறு கேள்வி. வேலை முடிந்த இயந்திரத்தைக் கரையோரத்திலேயே ஓட்டிப் பாராமல், ‘மெக்கானிக் பார்த்துவிட்டார்’ என்ற சொல்லை நம்பிக் கடலேறும் உடையவர் பணத்தைச் செலுத்தியிருக்கிறார், பொறுப்பைச் செலுத்தவில்லை.

புனித தோமா அக்குவினாஸ் விவேகத்தின் உறுப்புகளுள் ஒன்றாகப் பிறரிடம் கற்கும் பணிவை வைக்கிறார். விவேகத்துக்குரியவற்றில் எவனும் முற்றிலும் தனக்குத்தானே போதுமானவன் அல்லன் என்பது அவர் காட்டும் காரணம். கற்றறிந்தோரையும் அவர் இதற்கு விலக்காக்கவில்லை. இப்பணிவு கண்ணை மூடி ஒப்படைப்பது அன்று. இன்ன பாகத்தை ஏன் மாற்றினாய் என்று மெக்கானிக்கிடம் கேட்டு, விடையைப் புரிந்துகொள்ள முயல்வதும் அதில் அடங்கும். நல்ல மெக்கானிக் அக்கேள்வியை விரும்புவார். சினப்பவரிடம் அடுத்த முறை போகாதிருக்கலாம்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்து, பின்னர் ஓய்ந்தது. அத்தொழிலில் கடலடியில் மூழ்குபவருக்காகத் தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். அவர் மூழ்குபவரின் மைத்துனராக இருப்பது வழக்கம் என்று கரையோர மக்கள் இன்றும் சொல்லுவர். தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாகாமல் காக்கும் கவலை அவருக்கு உண்டல்லவா! மூழ்குபவர் தம்மைத் தாமே மேலே இழுத்துக்கொள்ள எண்ணியதில்லை. கயிறு யார் கையில் என்பதை மட்டும் உறுதிசெய்துகொண்டார். இன்று வல்லத்தில் ஏறும் பங்குத் தொழிலாளிக்கும் புறப்படுமுன் அதே உரிமை உண்டு: இயந்திரம் கடைசியாக எப்போது பிரிக்கப்பட்டது, அதைப் பூட்டியது யார், ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்பதற்கு.