மலைக்கு எத்தனை மதிப்பெண்?

எந்த நிலம் எதற்கு உகந்தது என்று கணினி வரைபடத்தில் பார்த்துச் சொல்வது என் வேலை. மண்வளம், நிலத்தடி நீர், சாலை, கனிமம் என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு மதிப்பெண் கொடுப்போம். மொத்தம் நூறு வரவேண்டும். கனிமத்துக்குக் கூட்டினால் தண்ணீருக்குக் குறைத்தாக வேண்டும். ஒன்றை இழந்தாலும் இன்னொன்று ஈடுகட்டிவிடும் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிற கணக்கு இது. சாமி இருக்கிற மலையை இதில் சேர்க்கலாமா?

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் சமண முனிவர்கள் தங்கிய குகையும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உண்டு. சிவனுக்குக் குடைவரைக் கோயில் உண்டு. மதங்கள் மாறியும் மலையின் புனிதம் மாறவில்லை. 2022 நவம்பரில் இங்கே 193.215 ஹெக்டேர் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024 நவம்பரில் அதையும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. எதிர்ப்பு எழுந்ததும், பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கிச் சுரங்க எல்லையை மாற்ற முடியுமா என்று பார்க்கச் சொன்னது ஒன்றிய அரசு. என் கணினியில் அது நொடி வேலை. ஊர்க்காரர்கள் சம்மதிக்கவில்லை, அவர்கள் பக்கம்தான் நியாயம். வரைபடத்தில் கோயில் ஒரு புள்ளி. ஊரிலோ, மலையில் பெய்த மழை கண்மாய்க்கு வந்து, கண்மாய் வயலுக்குப் பாய்ந்து, அந்த நெல்தான் சாமிக்குப் பொங்கலாகிறது. இதில் எந்த இடத்தில் கோடு கிழிப்பது? 2025 ஜனவரி 23 அன்று ஏலமே ரத்தானது.

டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவைதான், மறுக்கவில்லை. ஆளாளுக்குத் தன் இடம் புனிதம் என்று கிளம்பினால் வீடில்லாதவர் எங்கே போவார் என்ற கேள்வியும் என்னை உறுத்துகிறது. ஓடைப் புறம்போக்கில் நேற்றுக் கட்டிய கோயிலுக்கும் அதே வாதம் வரும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: புனிதம் என்று சொல்பவர்கள் அதற்காகத் தாங்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள்? பல ஊர்க் கோயில்காடுகளில் காய்ந்த சுள்ளியைக்கூட ஊரார் பொறுக்குவதில்லை. அடுப்பெரிக்க விறகு வேண்டியிருந்த காலத்திலும் பொறுக்கவில்லை. தன் கையை முதலில் கட்டிக்கொண்டவர் சொல்வதை நான் நம்புகிறேன். அடுத்தவர் கையை மட்டும் கட்ட வருவது பக்தியில் சேராது.

அப்படிப்பட்ட இடங்களைக் காக்க எங்கள் தொழிலிலேயே வழி இருக்கிறது. மதிப்பெண்ணுக்கு வெளியே ‘தடை’ என்று தனி அடுக்கு உண்டு. அதில் வரைபடத்தின் ஒரு கட்டத்துக்குப் பூஜ்யம் போட்டால், மற்ற மதிப்பெண்கள் எவ்வளவு இருந்தாலும் பெருக்கிவரும் விடை பூஜ்யம்தான். காப்புக்காட்டையும் ஏரியையும் அப்படித்தான் ஒதுக்குகிறோம். அந்தப் பூஜ்யத்தை எங்கே போடுவது என்று மென்பொருளுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும். திட்டம் போடுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மதிப்பெண் பட்டியலைக் கையிலெடுக்கும் முன் வரைபடத்தைக் கிராம சபையில் விரித்து வையுங்கள். தடை அடுக்கை அவர்கள் முதலில் வரையட்டும்.