நூலுக்குள் ஒளித்த கவிதை

2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எடின்பரோ நகரிலுள்ள ஸ்காட்லாந்து கவிதை நூலகத்தின் பணியாளர்கள், யாரோ ஒருவர் அங்கே விட்டுச் சென்றிருந்த பொருளொன்றைக் கண்டனர். பழைய நூலொன்றின் மீது தாளாலேயே செதுக்கிய சிறு மரம். அதனருகே தாளாலான ஒரு முட்டை. அதில் துண்டு துண்டாக நறுக்கிய சொற்கள். அவற்றை ஒழுங்குபடச் சேர்த்தபோது, முந்திய ஆண்டில் மறைந்த கவிஞர் எட்வின் மார்கனின் கவிதையொன்று வெளிப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரின் நூலகங்கள், அருங்காட்சியகங்கள் முதலிய இடங்களில் இத்தகைய தாட்சிற்பங்கள் பத்து கிடைத்தன. அவற்றைச் செய்தவர் ஒரு பெண்மணி என்பது மட்டும் பின்னர்த் தெரியவந்தது. பெயரை அவர் வெளியிடவில்லை.

இச்செய்தி என் உள்ளத்தில் ஒரு கேள்வியை எழுப்பிற்று. பெறுபவர் யாரென்று அறியாமல், பெற்றாரா என்பதையும் அறியாமல் கொடுப்பது கொடையாகுமா? அன்றி, பிறர் கைக்குரிய நூலில் அவர் கேளாத ஒன்றைத் திணிப்பதாகுமா?

இக்கேள்விக்கு மற்றொரு முகமும் உண்டு. பின்னாளில் நாடக ஆசிரியராகப் புகழ்பெற்ற ஜோ ஆர்ட்டன், தம் நண்பர் கென்னத் ஹாலிவெலுடன் சேர்ந்து, இலண்டனின் இஸ்லிங்டன் பகுதி நூலகத்து நூல்களை மறைவாக எடுத்துச் சென்றார். அட்டைகளில் பொருந்தாப் படங்களை ஒட்டியும், உள்மடிப்பில் நையாண்டிக் குறிப்புகளைத் தட்டச்சுச் செய்தும், மீண்டும் அடுக்குகளில் வைத்தனர். நூல்களைத் திருடிச் சிதைத்ததற்காக 1962இல் இருவருக்கும் ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. இன்று அவ்வட்டைகளை அப்பகுதியின் வரலாற்று மையமே பேணி வைத்திருக்கிறது என்பது காலத்தின் வேடிக்கை. ஆனால் என்னைத் தடுத்து நிறுத்தியது வேறொரு செய்தி. நூல்களைத் திரும்ப வைத்தபின் மூலையில் நின்று, அவற்றை எடுப்போரின் முகங்களைக் கவனிப்பது தம் வழக்கம் என்று ஆர்ட்டனே சொல்லியிருக்கிறார்.

அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காரணம், நானும் அம்மூலையில் நின்றவன்.

சில ஆண்டுகளுக்கு முன், எனக்குப் பிடித்த கவிதைகள் சிலவற்றைச் சிறு தாள்களில் அச்சிட்டு, எங்கள் ஊர் நூலகத்து நூல்களின் நடுப்பக்கங்களில் வைத்து வந்தேன். கவிஞரின் பெயரை இட்டேன். என் பெயரை இடவில்லை. அடக்கத்தோடு நற்செயல் செய்வதாக எனக்குள் ஒரு நிறைவு. ஆயினும் அடுத்த வாரமே சென்று, எந்தத் தாள் போயிற்று, எது கிடக்கிறது என்று நூல் நூலாகப் புரட்டினேன். ஒரு நாள், அவற்றுள் ஒன்று கசங்கிக் குப்பைக்கூடையில் கிடக்கக் கண்டேன். சினம் பொங்கிற்று. அந்தச் சினமே என்னை எனக்குக் காட்டிக்கொடுத்தது. கொடுத்துவிட்ட பொருளின் மீது எனக்கேது உரிமை? கொடை என்று எண்ணி நான் வைத்தது தூண்டில் அன்றோ! மீனுக்காக அல்ல, பாராட்டுக்காக.

முகமறியாமல் கொடுப்பது உறவின் சுமையைத் தவிர்க்கும் எளிய வழி என்று சிலர் கூறலாம். அக்கூற்றில் உண்மையுண்டு. நோயுற்ற அண்டை வீட்டாருக்கு நாம் அருகில் சென்று அமர்வதே தேவை. அச்சிட்ட தாள் அதற்கு ஈடாகாது. ஆனால் யாரும் பார்க்காதபோது மட்டுமே ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆறுதலும் உண்டு. மனைவியை இழந்த ஒருவரிடம் கவிதை நூலை நேரில் நீட்டினால், அவர் நம் முன்னே தேறியதுபோல் முகம் காட்ட வேண்டியிருக்கும். நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அதே கவிதையைத் தாமாக ஒரு நூலுக்குள் கண்டெடுத்தால், அவர் அழலாம், மடித்து வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிடில் எறிந்தும் விடலாம். யாருக்கும் அவர் கடன்பட்டவரல்லர்.

மறைவாகத் தருமம் செய்யுமாறு மலைப்பொழிவு நமக்குக் கற்பிக்கிறது. அது கொடுப்பவரின் மனத்தூய்மைக்காகச் சொல்லப்பட்டது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பெறுபவரின் விடுதலையையும் அது காக்கிறது என்பது, குப்பைக்கூடையில் கிடந்த அந்தத் தாளைக் கண்ட பின்னரே எனக்கு விளங்கிற்று. எறிந்துவிடும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்காதவன் எதையும் முழுமையாகக் கொடுத்தவனாகான்.

எனவே மறைவு மட்டும் போதாது. விலகிச் செல்லவும் வேண்டும். பெயரை மறைப்பது எளிது. திரும்பிப் பார்க்காமல் நடப்பது அரிது. எடின்பரோப் பெண்மணியை நான் வியப்பது அவர்தம் கைத்திறனுக்காக மட்டுமன்று. ஒரு நகரமே அவரைத் தேடிப் பாராட்டக் காத்திருந்தபோதும், அப்பாராட்டைப் பெற்றுக்கொள்ள அவர் முன்வரவில்லை.

இப்பொழுதும் நான் தாள்களை வைக்கிறேன். நூல் பொதுச்சொத்து ஆதலால் நூலகரிடம் சொல்லிவிட்டே வைக்கிறேன், ஒட்டுவதில்லை, மடிப்பதில்லை. வைத்த நூலின் பெயரைக் குறித்துக் கொள்வதில்லை. வாசலைக் கடக்கும்போது அடுக்குகளின் பக்கம் கண் போகத்தான் செய்கிறது. சில நாள்களில் வெல்கிறேன். சில நாள்களில் தோற்கிறேன்.