காவடிக்கு முன் முழங்கால்

தம்பி தங்கைகளே, போன தைப்பூசத்தில் பத்துமலையில் காவடி எடுத்தேன். 48 நாள் விரதம் சுத்தமா இருந்தேன். நடைப்பயிற்சி மட்டும் ஒரு நாள்கூட இல்லை. 272 படியில் பாதியிலேயே முழங்கால் மடங்கிப்போச்சு. ஜவ்வு கிழிந்திருந்தது.

டாக்டர் விளக்கினார்: தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது இந்த ஜவ்வு. நடுவில் மெத்தை மாதிரி குருத்தெலும்பு. அதற்கு இரத்தக்குழாயே கிடையாது, தேய்ந்தால் லேசில் ஆறாது. கொழுப்பு, எலும்பு, ஓடுகிற இரத்தம்கூட இதே இணைப்புத் திசுக் குடும்பம்தானாம்!

உடம்பே கோயில் என்று திருமூலர் சொன்னதை மேடையில் எத்தனை தடவை பேசியிருப்பேன்! என் முழங்காலை நினைத்ததே இல்லை.

டாக்டர் இப்போது அனுமதித்துவிட்டார். ஞாயிறு காலையில் காஜாங்கில் மெதுவாக நடக்கிறேன். இந்த வருஷம் காவடி நேர்ந்திருக்கிற தம்பிங்க, கூட வாங்க.