பாஸ்காப் பந்தியில் கினோவா

ஜெர்மனி, போலந்து, ரஷ்யா முதலிய நாடுகளில் வேர்விட்ட அஷ்கெனாசி யூதர்கள் பாஸ்கா விழா நாட்களில் மரபாக அரிசி உண்பதில்லை. தீட்டிய வெள்ளரிசியானாலும் தவிடு நீக்காத பழுப்பரிசியானாலும் விலக்கு விலக்குதான். பருப்பு, பயறு, மக்காச்சோளம், கடுகு ஆகியவையும் அதில் அடங்கும். 1980களில் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிலிருந்து கினோவா அமெரிக்கக் கடைகளுக்கு வந்து, நாளடைவில் பழுப்பரிசிக்கு மாற்றான சத்துணவு என்று பெயரெடுத்தது. மற்ற நாட்களில் அரிசிக்குப் பதிலாக உண்ணும் இந்த மணியை, அரிசியே கூடாத அந்த எட்டு நாட்களில் உண்ணலாமா என்று யூத சமய அறிஞர்களான ரபிகளிடம் கேள்வி போயிற்று. கேள்வி அடுப்படியில் பிறந்ததுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல, விலக்கு என்பது பொருளின் மேல் நிற்கிறதா, அதை விலக்கிய காரணத்தின் மேல் நிற்கிறதா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

விவிலியத்தின் விடுதலைப் பயண நூல், 12ஆம் அதிகாரத்தில், பாஸ்கா நாட்களில் புளித்ததை உண்ணவும் வீட்டில் வைத்திருக்கவும் தடை விதிக்கிறது. இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாடுகளில் எட்டு நாள் இந்தத் தடை நீடிக்கும். எது புளிக்கும் என்பதை மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் பெசாகிம் பகுதி வரையறுக்கிறது. மரபு விளக்கத்தின்படி அவை ஐந்து தானியங்கள்: கோதுமை, பார்லி, ஸ்பெல்ட் என்னும் பழைய கோதுமை வகை, ரை, ஓட்ஸ். இவற்றின் மாவில் தண்ணீர் பட்டுப் பிசையாமல் 18 நிமிடம் கிடந்தால் அது புளித்ததாகக் கொள்ளப்படும். விழாவுக்கு உரிய மட்சா என்ற புளிப்பில்லா அப்பத்தையும் இந்த ஐந்தில் ஒன்றால்தான் சுட வேண்டும். புளிக்கக்கூடிய மாவைப் புளிக்க விடாமல் காப்பதில்தான் மட்சாவின் சிறப்பு இருக்கிறது. இயல்பிலேயே புளிக்காத ஒன்றால் அதைச் சுட்டால் அதில் காப்பதற்கு எதுவும் இல்லை.

அரிசி இந்தப் பட்டியலில் இல்லை. அரிசி மாவு ஊறினால் புளிப்பதில்லை, கெட்டுத்தான் போகிறது என்பது மிஷ்னாவை விவாதிக்கும் தால்முத் நூலின் அறிஞர்களுடைய முடிவு. இட்லி மாவு பொங்குவதை வீட்டில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விந்தையாகப் படலாம். ஆனால் அந்த அறிஞர்கள் பேசியது உளுந்து சேராத வெறும் அரிசி மாவைப் பற்றி. அதில் காற்றைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் கிடையாது. யோகனான் பென் நூரி என்ற ஒருவர் மட்டும் அரிசியும் தானிய வகையே, அதுவும் புளிக்கும் என்று வாதிட்டார். அவர் சொல் எடுபடவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த ராவ் ஹூனா, பாஸ்கா இரவுப் பந்திக்கு வேண்டிய இரண்டு சமைத்த உணவுகளாகப் பீட்டையும் அரிசியையும் குறிப்பிட்டார். இதைக் கொண்டே, யோகனானின் கருத்தை எவரும் பொருட்படுத்தவில்லை என்று ராவ் ஆஷி பின்னாளில் முடிவு கட்டினார். ஆக, மூல நூல்களின்படி அரிசி பாஸ்காவில் விலக்கப்பட்டதல்ல, பந்தியிலேயே பரிமாறப்பட்டது.

விலக்கு பின்னால் வந்தது. 13ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் கோர்பேய் ஊரைச் சேர்ந்த ரபி ஐசக், பருப்பு வகைகளையும் அரிசியையும் பாஸ்காவில் உண்ணாதிருப்பது தம் காலத்துக்கு முன்பிருந்தே வந்த வழக்கம் என்று பதிவு செய்திருக்கிறார். இந்த வகைக்குக் கிட்னியோத் என்று பெயர். வழக்கம் முதலில் தோன்றியதா, காரணம் முதலில் தோன்றியதா என்பது தெளிவில்லை. காரணங்கள் ஒன்றுக்கு மூன்றாகக் கிடைப்பதே அதற்கு அடையாளம். தானியத்தைப் போலவே இவற்றையும் கஞ்சியாகக் காய்ச்சுகிறார்கள் என்பது ஒன்று. தானியத்தைப் போலக் குவித்து, சில ஊர்களில் மாவாக்கி ரொட்டியும் சுடுகிறார்கள் என்பது அடுத்தது. மூன்றாவது, வயலிலும் களத்திலும் கோதுமை மணி இவற்றோடு கலந்துவிடும் என்பது. முதல் இரண்டும் பாமரர் குழம்பிப் போவார்கள் என்ற அச்சத்தில் பிறந்தவை. மூன்றாவதுதான் உண்மையான பொருட்கலப்பைப் பற்றியது.

கண்டனமும் உடனே எழுந்தது. 14ஆம் நூற்றாண்டில் ரபெனு யெருகாம் இதை மடமையான வழக்கம் என்றார். தூர் என்ற சட்ட நூலை எழுதிய யாக்கோபு பென் ஆஷேர், இது மிதமிஞ்சிய கண்டிப்பு என்று ஒதுக்கினார். 16ஆம் நூற்றாண்டில் ஷுல்கான் ஆருக் என்ற சட்டத் தொகுப்பை எழுதிய யோசேப்பு காரோ அரிசியை அனுமதித்தார். ஸ்பெயின் வழி வந்த செபார்தி யூதர் பெரும்பாலும் அந்த வழியில் நடக்கிறார்கள். கிராகோவ் நகர ரபி மோசே இஸ்ஸெர்லெஸ் அதே நூலுக்கு எழுதிய குறிப்பில், அஷ்கெனாஸ் நாட்டில் கண்டிப்பே வழக்கம், அதை மாற்றக் கூடாது என்று எழுதினார். அங்கேயும் இதற்கு ஓர் எல்லை உண்டு. கிட்னியோத் வகையை வீட்டில் வைத்திருக்கலாம், நோயாளிக்கும் குழந்தைக்கும் கொடுக்கலாம். புளித்த உணவுக்கு இருக்கும் கடுமை இதற்குக் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் யாக்கோபு எம்டன் இந்த வழக்கத்தால் அல்லற்படுபவர்கள் ஏழைகள்தான் என்று குமுறினார். வாதத்தில் அவர் பக்கம் வலுவாக இருந்தும், வழக்கம் அசையவில்லை.

அமெரிக்கா என்னும் புதிய உலகின் பயிர்கள் வந்தபோது வழக்கத்தின் உள்முரண் வெளிப்பட்டது. உருளைக்கிழங்கிலிருந்தும் மாவு எடுக்கிறார்கள் என்பதால் ஜெர்மனியில் சில இடங்களில் அதை விலக்கினார்கள். ஆனால் கிழக்கு ஐரோப்பாவில் குளிர்காலம் முழுவதும் வயிற்றைக் காத்தது அந்தக் கிழங்குதான். அந்த விலக்கு பரவவில்லை. மக்காச்சோளமும் அதே புதிய உலகிலிருந்து வந்ததுதான், அதற்கோ விலக்கு ஒட்டிக்கொண்டது. காரணத்தை மட்டும் பார்த்தால் இரண்டையும் ஒன்றாகவே நடத்தியிருக்க வேண்டும். பசி ஒரு பக்கம் தீர்ப்பெழுதியது, மணியின் தோற்றம் மறுபக்கம் எழுதியது என்று சொல்வதே நேர்மை.

1966இல் நியூயார்க்கின் ரபி மோசே ஃபைன்ஸ்டைன் வேர்க்கடலையைப் பற்றி எழுதிய தீர்ப்பு இந்த முரணுக்கு ஒரு கோட்பாட்டைத் தந்தது. கிட்னியோத் விலக்கு மன்றம் கூடி இயற்றிய ஆணை அன்று, வழக்கம் மட்டுமே என்பது அவர் நிலை. ஆணையாக இருந்தால் காரணம் பொருந்தும் இடமெல்லாம் அது பரவும். வழக்கமோ மக்கள் எதை விலக்கினார்களோ அதோடு நின்றுவிடும். ஆகவே வழக்கம் உருவான காலத்தில் அறியப்படாத ஒன்றை, குடும்பத்திலோ ஊரிலோ விலக்கும் மரபு இல்லாதபோது, ஒப்புமை காட்டிச் சேர்க்க வேண்டியதில்லை.

கினோவா பேச்சில் நுழைந்தது இந்த இடத்தில்தான். டிடிகாக்கா ஏரியைச் சூழ்ந்த பெரு, பொலிவியா மேட்டுநிலங்களில் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிராகும் இது புல்லினம் அல்ல. பாலக், பீட்ரூட், தண்டுக்கீரை ஆகியவற்றின் குடும்பம். ராவ் ஹூனாவின் பந்தியில் அரிசிக்குப் பக்கத்தில் இருந்த பீட் கினோவாவின் உறவு. 100 கிராம் உலர்ந்த கினோவாவில் ஏறத்தாழ 14 கிராம் புரதமும் 7 கிராம் நார்ச்சத்தும் உண்டு. பழுப்பரிசியில் இவை ஏறத்தாழப் பாதியளவே. தானியங்களில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் கினோவாவில் தாராளம். குளூட்டன் கிடையாது. மணியின் மேல் சாபோனின் என்ற கசப்புப் பூச்சு இருப்பதால் நன்றாகக் கழுவ வேண்டும். பயறும் பருப்பும் விலக்கான எட்டு நாளில் இறைச்சி உண்ணாத அஷ்கெனாசி ஒருவருக்கு இத்தகைய புரதம் கிடைப்பது சிறிய ஆறுதல் அல்ல. பிறருக்கு அது ருசி மாற்றம், அவருக்கு உணவே அதுதான்.

பால்டிமோரில் இயங்கும் ஸ்டார்-கே சான்றளிப்பு நிறுவனம், ரபி மோசே ஹைன்மனின் தலைமையில், கினோவாவை அனுமதித்தது. அங்கே அதை நனைத்துச் சோதித்தபோது, தால்முத் அரிசியைப் பற்றிச் சொன்னதுபோலவே, அது உப்பவில்லை, கெட்டுப்போயிற்று. இதனால் ஐந்து தானியங்களில் அது சேராது என்பது உறுதியானது. ஆனால் கிட்னியோத் கேள்விக்கு அந்தச் சோதனை விடையாகாது. அரிசியும்தான் புளிப்பதில்லை, இருந்தும் விலக்கப்பட்டிருக்கிறது. விடை ஃபைன்ஸ்டைனின் கோட்பாட்டிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற பெரிய சான்றளிப்பு அமைப்பு நெடுநாள் முடிவெடுக்காமல் இருந்தது. அதன் இரு தீர்ப்பாளர்களில் ரபி ஹெர்ஷல் ஷாக்டர் அனுமதிக்கலாம் என்றார், ரபி இஸ்ரேல் பெல்ஸ்கி கூடாது என்றார். சமைக்கும் விதத்திலும் பயன்படும் விதத்திலும் கினோவா தானியத்தை ஒத்திருப்பதால் பழைய காரணம் அப்படியே பொருந்துகிறது என்பது விலக்கும் தரப்பின் வாதம். மக்காச்சோளம் அவர்களுக்கு நல்ல சாட்சி: அறியப்படாத பயிர் என்பதால் அது தப்பவில்லையே! 2013ஆம் ஆண்டின் இறுதியில் யூனியன் அனுமதிப் பக்கம் சாய்ந்து, 2014 பாஸ்காவுக்குச் சான்று வழங்கியது. பெல்ஸ்கியின் பக்கம் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த வாதத்தில் ஒரு முரண்நகை உண்டு. கினோவா எந்த அளவுக்குப் பழுப்பரிசியின் இடத்தை நிரப்புகிறதோ, அந்த அளவுக்கு அரிசியை விலக்கிய காரணத்துக்குள் அது வந்து விழுகிறது. தட்டில் சோறுபோலக் கிடந்து, குழம்பை வாங்கிக்கொண்டு, ரொட்டி மாவாகவும் ஆகும் ஒன்றைப் பார்த்துத்தான் 13ஆம் நூற்றாண்டு ரபிகள் பாமரர் குழம்புவார்கள் என்று அஞ்சினார்கள். காரணத்தைக் கொண்டு அளந்தால் பெல்ஸ்கி சொன்னதுதான் சரி. ஆனால் காரணத்தைக் கொண்டே அளப்பதானால் உருளைக்கிழங்கை விட்டுவைக்க வழியில்லை, அதை விலக்கச் சொல்ல இன்று எவரும் முன்வரமாட்டார். ஃபைன்ஸ்டைனின் நிலை இந்தச் சிக்கலிலிருந்து தப்புகிறது. பதிலுக்கு, வழக்கம் பகுத்தறிவுக்கு விடை சொல்லும் கடமை உடையது அல்ல என்று ஒப்புக்கொள்கிறது. முன்னோர் செய்ததால் செய்கிறோம், அவர்கள் செய்யாததை நாம் கூட்ட வேண்டாம் என்பதே அதன் சாரம். சமயக் கட்டுப்பாட்டைத் தருக்கத்தின் கிளையாகப் பார்ப்பவருக்கு இது தோல்வியாகத் தெரியும். ஒரு சமூகத்தின் நினைவாகப் பார்ப்பவருக்கு இதில் குறை ஒன்றும் இல்லை.

மூன்றாவது காரணமான கலப்பு மட்டும் எல்லாத் தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. ஆண்டிஸ் மேட்டில் கினோவாவும் பார்லியும் அருகருகே விளைகின்றன. ஒரே சாக்கு, ஒரே ஆலை இரண்டுக்கும் பயன்படலாம். பார்லியோ ஐந்து தானியங்களில் ஒன்று. எனவே பாஸ்காவுக்கென்று கண்காணிப்புடன் பதப்படுத்திய பொதியே வேண்டும் என்றும், வீட்டில் சமைக்கும் முன் மணிகளைப் பார்த்துப் பொறுக்கிக்கொள்வது நல்லது என்றும் சான்றளிப்பவர்கள் சொல்கிறார்கள். அரிசி உண்ணும் செபார்தி வீடுகளில் பாஸ்காவுக்கு முன் அரிசியை மும்முறை பொறுக்கும் வழக்கத்துக்கும் இந்த அச்சமே அடிப்படை.

கன்சர்வேடிவ் யூத இயக்கம் வேறு வழி சென்றது. 1989இல் இஸ்ரேலில் அதன் சார்பில் ரபி டேவிட் கோலின்கின் எழுதிய தீர்ப்பு கிட்னியோத் வகையை அனுமதித்தது. 2015 டிசம்பரில் அமெரிக்காவில் அவ்வியக்கத்தின் சட்டக் குழுவும் அதே முடிவுக்கு வந்தது. அந்த முடிவை ஏற்ற வீடுகளில் பழுப்பரிசியே பாஸ்காப் பந்திக்குத் திரும்பிவிட்டது. அங்கே கினோவாவா பழுப்பரிசியா என்பது ருசி, விலை, உடல்நலம் மூன்றையும் பார்த்து எடுக்கும் முடிவு, ரபியிடம் போக வேண்டியதில்லை.