காலி நாற்காலி

சாரல் பருவத்து மாலை ஒன்றில், குற்றாலத்தில் நீராடித் திரும்புகையில், தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் புதுக் காப்பிக் கடை ஒன்றில் நுழைந்தோம். பித்தளை டபராவில் நுரை ததும்பும் காப்பி. ஈரத் தலையோடு காத்து நிற்கும் கூட்டம். நல்வாய்ப்பாக நமக்கொரு மேசை கிடைத்தது. எதிரேயிருந்த நாற்காலியில் நம் பையை வைத்தோம்.

வாசலில் ஒரு மூதாட்டி வந்து நின்றார். கட்டட வேலை முடித்து வந்தவர் என்பதைச் சேலையில் படிந்திருந்த சிமெண்டு சொல்லிற்று. "உள்ள வாங்க ஆச்சி" என்றார் கடைக்காரர். மூதாட்டி நம் மேசையை ஒருமுறை நோக்கினார். "இருக்கட்டும்யா, இங்ஙனயே நின்னுக்கிடுதேன்" என்றவர், நின்றபடியே அருந்திவிட்டுச் சென்றார்.

அவரைத் தடுத்தவர் யார்?

முன்னொரு காலத்தில் இக்கேள்விக்கு விடை எளிது. காப்பிக் கடைகளில் சாதி பார்த்து இடம் ஒதுக்கினர். சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்தனர். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம், தன் 15-ஆம் பிரிவில் கடைகளையும் உணவகங்களையும் பெயர் சுட்டியே குறிப்பிட்டு, சாதியின் பெயரால் எவரையும் அங்கு விலக்கலாகாது என்றது. 1955-இல் தீண்டாமையைத் தண்டிக்கத் தனிச்சட்டம் வந்தது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில், உணவகப் பெயர்ப்பலகையிலிருந்த சாதிப்பெயரை அகற்றக் கோரிப் பெரியாரின் இயக்கத்தார் மறியல் செய்தனர். ஓர் இருக்கைக்குப் பின்னே இத்தனை வரலாறு உண்டு.

எனினும் சட்டம் கதவைத்தான் திறக்கும். நாற்காலியை இழுத்துப்போட்டு 'அமருங்கள்' என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் யார்? கடைக்காரர் தம் கடமையைச் செய்துவிட்டார். காசு கொடுத்த நமக்கு இதில் பங்கில்லை என்றெண்ணுவது எளிது. ஆனால், பொது இடத்தில் முன்னே வந்து அமர்ந்தவர், பின்னே வருபவருக்கு விருந்தோம்பும் கடமை உடையவர் அல்லவா? விருந்தோம்பலுக்கு வீடு வேண்டும் என்பதில்லை. சற்றே ஒதுங்கியமரும் மனம் போதும். நாம் எவரையும் இழிவாகப் பேசவில்லை, விரட்டவுமில்லை. பையை எடுக்கவில்லை, அவ்வளவே. இக்காலத்து விலக்கல் பெரும்பாலும் இப்படித்தான் ஓசையின்றி நிகழ்கிறது.

அவர் அவசரத்தால் நின்றாரோ, கூச்சத்தால் நின்றாரோ, நாம் அறியோம். பையை எடுத்திருந்தால் அறிந்திருப்போம்.